தகட்டிலிருந்து கைபேசிக்கு

திரைப்படத்தை விலைகொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாள் நீடிக்கவில்லை. வெற்றுத் தகடுகள் செய்து வளர்ந்த மோசர் பேயர் நிறுவனம், 2007-ஆம் ஆண்டையொட்டி வீ.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் துணிந்தது. திருட்டுப் பிரதியின் விலையை ஒட்டியே அசலைக் கொடுப்பதுதான் அதன் சூட்சுமம். தமிழ்ப் படங்களும் அவ்வரிசையில் வந்தன. தமிழ்ப்படம் திரையிடப்படாத ஊர்களில் குடியேறிய நம்மவர்க்கு அவை எத்துணை ஆறுதல்!

2016-இல் ஜியோ வந்தது. இணையக் கட்டணம் சரிந்தது. படங்கள் கைபேசியிலேயே பதிவிறக்கமாயின. தகட்டின் தேவை குன்றியதும் கடன் மிகுந்ததும் சேர்ந்து, 2018-இல் அந்நிறுவனத்தைக் கலைக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிட்டது. இப்போது அலமாரியில் இடம் மிச்சம்தான். ஆனால், சந்தா முடிந்தால் இறக்கிவைத்த படம் திறவாது. பழைய தகட்டுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அதைச் சுழற்றும் கருவிதான் கடைகளில் அரிதாகிவிட்டது.