குஷ்டம்: விரிந்து சுருங்கிய சொல்

பழைய வடமொழி மருத்துவ நூல்களில் ‘குஷ்டம்’ என்று கண்ட இடமெல்லாம் ‘தொழுநோய்’ என்று பெயர்ப்பது பிழை. உடலைச் சிதைப்பது என்ற பொருளில், பிடுங்குதலைக் குறிக்கும் ‘குஷ்’ என்னும் வேரோடு உரைமரபு இச்சொல்லை இணைக்கிறது. அதர்வவேதத்திலோ குஷ்டம் நோயன்று, காய்ச்சல் தீர்க்கும் மூலிகை. நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் கோஷ்டம் அதுவே. மருத்துவ நூலாசிரியர்களான சரகரும் சுஸ்ருதரும் குஷ்ட நோயை ஏழு பெரியவை, பதினொன்று சிறியவை என்று 18 வகையாக்குகிறார்கள். படர்தாமரையான தத்ருவும் சொறியான பாமாவும் அவற்றுள் அடக்கம். தத்ருவைச் சரகர் சிறியவற்றிலும் சுஸ்ருதர் பெரியவற்றிலும் வைக்கிறார்கள். ஆகவே இது தோல்நோய்க் குடும்பம் ஒன்றின் பொதுப்பெயர். உணர்வு மரத்தல், மூக்குச் சிதைதல், கை முடங்குதல் ஆகியவற்றைச் சுஸ்ருதர் சொல்கிறாரே, அது தொழுநோய்தானே என்று கேட்கலாம். தொழுநோய் அக்குடும்பத்துக்குள் இருந்தது என்பதற்கு அது சான்று. குடும்பம் முழுவதும் அதுவே என்பதற்குச் சான்றாகாது. 1873-இல் மருத்துவர் ஹான்சன் கண்ட கிருமியால் வரும் நோயை மட்டும் ‘தொழுநோய்’ என்போம். பழைய குஷ்டத்தைத் ‘தோல்நோய்கள்’ என்று பெயர்ப்போம். இதில் மொழித்தூய்மையைவிடப் பெரிய நியாயம் ஒன்று உண்டு. மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய் ஒன்றின்மேல், பழஞ்சொல் சுமந்துவரும் அச்சத்தையும் இழிவையும் ஏற்றக் கூடாது.