ஆச்சி போய்வந்த வெளிநாடு

வருகிற மே மாதம் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போவதாக முடிவு செய்து, பெங்களூரிலிருந்து என் மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். விசா, பணம் மாற்றுவது, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, மருந்து மாத்திரை, கட்டிக்கொண்டு போகவேண்டிய சாப்பாட்டுச் சாமான், எந்தத் தேதிக்குள் திரும்பவேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ‘நம்ம வீட்ல மொதத் தடவையா வெளிநாட்டு மலைக்குப் போறோம்மா’ என்று போனில் வேறு சொன்னான். வாசுதேவநல்லூர் வீட்டு மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேற்கே மலை.

‘எலே, மொதத் தடவைன்னு யாரு சொன்னா?’ என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சி, கை கால் நன்றாக இருந்தவரை வருசம் தவறாமல் வெளிநாட்டு மலைக்குப் போய்வந்தவள். கப்பல் ஏறவில்லை. கூண்டு வண்டியில்தான் போனாள். எங்கள் ஊர் மதுரை–கொல்லம் சாலையில் இருக்கிறது. தெற்கே புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அதுவரை வெள்ளைக்காரன் ஆட்சி. தென்காசியிலிருந்து இன்னும் ஐந்து மைல் மேற்கே வண்டியை ஓட்டினால் செங்கோட்டை. அங்கே வேறு ராஜா, வேறு காசு, வேறு தபால். மலைக்கு இந்தப் பக்கம், தமிழ் மட்டுமே பேசுகிற ஊராக இருந்தும் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். ஊருக்குள் நுழைகிற இடத்து வளைவில் அவருடைய சங்கு முத்திரை இருக்கும். தாத்தாவின் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. ‘பரராச்சியத்துல பொண்ணு குடுத்திருக்கோம்’ என்று ஆச்சி பெருமையாகவும் சொல்வாள், மதினிமேல் கோபம் வந்தால் அதையே ஏச்சாகவும் சொல்வாள்.

என்றைக்குக் கிளம்புவது என்பதில்தான் திட்டம் தொடங்கும். வெயில் காலத்தில் மலைக்குப் போவது என்றால் இன்று எல்லோரும் சித்திரை, வைகாசியைச் சொல்வார்கள். அந்த மாதங்களில் குற்றாலத்தில் பாறைதான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பி, ஆனி பிறந்த பிறகுதான் அருவியில் தண்ணீர் வரும், சாரல் விழும். குற்றாலம் ஒன்றும் உயரமான இடமில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஐந்நூறு, அறுநூறு அடிதான். அது குளிர்வதற்குக் காரணம் ஆரியங்காவுக் கணவாய். மற்ற இடங்களில் மலை சுவர்போல நின்று மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. பெரியாறு பிறப்பது எங்கள் சிவகிரி மலைத்தொடரில்தான் என்பார்கள். ஆனால் தண்ணீர் போவது மேற்கே. எங்களுக்கு மிஞ்சுவது உச்சியில் உட்கார்ந்திருக்கும் மேகமும், வாயில் மண்ணை அள்ளிப் போடும் காற்றும். கணவாய் இருக்கும் இடத்தில் மட்டும் மலை வழிவிட, சாரல் தென்காசிவரை எட்டிப்பார்க்கும்.

எங்கள் வீட்டு வயல் குளத்துப் பாசனம். வடகிழக்கு மழையை நம்பிய பிசானச் சாகுபடிதான். ஆனியில் வயலில் வேலை குறைவு, மாடும் சும்மா நிற்கும். ஆகவே ஆனி நடுவில் கிளம்பி, சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடவேண்டும். கோமதியம்மன் தபசுக்கு வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பது ஆச்சிக்கு ஆகாது. விசா முடியும் தேதியை மகன் எப்படிப் பயந்து பயந்து எண்ணுகிறானோ, அப்படித்தான் ஆச்சி அந்தக் கொடியேற்றத்தை எண்ணியிருக்கிறாள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மாட்டுக்கு லாடம் அடிக்கவேண்டும். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்குத் தொட்டிலில் போகும். வண்டிக்குள் ஜமக்காளம், ட்ரங்குப் பெட்டி, கூஜா. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தயிர்சோறும், மறுநாளுக்குப் புளிச்சோறு, மூன்றாம் நாளிலிருந்து மதினி பாடு. வெயிலுக்கு முன்னால் ஓட்டவேண்டும் என்று சாயங்காலம் வண்டி கட்டி ராத்திரி முழுக்கப் போவார்கள். கடையநல்லூர்ப் பக்கம் விடியும். அங்கே மாட்டை அவிழ்த்துப் போட்டுப் பல் விளக்கினால், தென்காசிக் கோபுரம் இல்லாத தென்காசி வெயில் ஏறும்போது வந்துவிடும். (1990-ல் புதுக் கோபுரம் கட்டி முடிக்கும்வரை தென்காசிக் கோபுரம் மொட்டையாகத்தான் நின்றது.)

1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் வந்த பிறகு, ஒரு வருசம் தாத்தா ரயிலில் அழைத்துப்போனார். எங்களுக்கு ஸ்டேசன் சங்கரன்கோவில். மேற்கே இருக்கிற மலைக்குப் போக, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பன்னிரண்டு மைல் கிழக்கே வண்டியில் போய் ரயில் ஏறவேண்டும். ஆச்சிக்கு அந்த நியாயம் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் செங்கோட்டையிலிருந்து மேலே போகிற ரயில்மேல் அவளுக்குத் தீராத மோகம். கொல்லத்திலிருந்து புனலூர்வரை போட்ட தண்டவாளத்தை மலை குடைந்து செங்கோட்டைவரை இழுத்து, 1904-ல் முழுப் பாதையும் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகை. பெட்டிக்குள் கும்மிருட்டு, கரிப்புகை, பிள்ளைகள் கத்தல். வெளியே வந்தால் கிழக்கே விட்டுவந்த வெயிலைக் காணோம், ஆரியங்காவில் மழை. ‘இந்தப் பக்கம் கதவ அடைச்சு அந்தப் பக்கம் கதவத் தொறந்தாப்ல’ என்பாள். இன்னும் கீழே கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். மகன் அனுப்பிய பட்டியலில் யுங்ஃபிராவ் மலை ரயில் இருக்கிறது. மலைக்குள்ளேயே ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து, 3,454 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுமாம். அது முடிந்தது 1912-ல். எங்கள் குகை எட்டு வருசம் மூத்தது என்று அவனிடம் சொல்லிவைத்தேன். உயரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பணக் கணக்கு ஆச்சிக்கு அத்துப்படி. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக மகாராஜா ரூபாய்க்கு 28 சக்கரம். நம் பிரிட்டிஷ் ரூபாயைக் கொடுத்தால் 28 சக்கரத்தோடு எட்டுக் காசு. அந்த எட்டுக் காசு அரைச் சக்கரம். அதைத் தராமல் ஏமாற்றப் பார்த்த ஒரு வளையல்காரரோடு அரை நாள் மல்லுக்கட்டியதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். 28.5 என்று நான் எழுதிக் காட்டியபோது, ‘நடுவுல என்னட்டி புள்ளி, மை கொட்டிட்டா?’ என்று கேட்டாள்.

‘வருகிறோம்’ என்று மதினிக்குச் சொல்லி அனுப்புவதிலும் ஒரு வில்லங்கம். நம் பக்கம் தபால். திருவிதாங்கூருக்கென்று தனியாக அஞ்சல். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடுவாராம். 1951-ல் அதை இந்தியத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இன்று நம் தபாலாபீஸ் பலகையில் ‘அஞ்சலகம்’ என்று படிக்கும்போதெல்லாம், மகாராஜா பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றும்.

எல்லைச் சவுக்கை தனிக் கதை. முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். பானிப்பட்டு யுத்தம் மூன்றையும் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சாலை வழியாகப் போன ஒவ்வொரு மூட்டையின் விதியையும் மாற்றிய 1865-ஆம் வருசத்து ஒப்பந்தம் மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்ததில்லை. பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து செய்துகொண்டது அது. அதற்குப் பிறகு பெரும்பாலான சரக்குக்கு எல்லையில் தீர்வை இல்லை. ஆனாலும் புகையிலையை மகாராஜா விடவில்லை. அதில் அவருக்கு நல்ல வருமானம். ஆச்சிக்கோ புகையிலை இல்லாமல் வெற்றிலை இறங்காது. அங்கே வாங்கினால் விலை. அதனால் முறுக்கு டின்னுக்கு அடியில் ஒரு பொட்டலம் போகும். ஒரு தடவை சவுக்கையில் இருந்தவர் டின்னைத் திறந்து, மேலே இருந்த முறுக்கை ஒன்றிரண்டு எடுத்துக் கடித்துவிட்டு, ‘புகையிலை வாசம் அடிக்குதே பாட்டி’ என்றாராம். ‘எண்ணெ அப்படிய்யா’ என்றாளாம் ஆச்சி. அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

புகையிலையாவது வேடிக்கை. அரிசி வேடிக்கையாக இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோக, அதை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்துப் போயிற்று. விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் அரிசியைத் தாங்களே கொண்டுபோக வேண்டிய காலம்; எல்லையிலோ அரிசிக்குக் கெடுபிடி. மதினி வீட்டில் காலையில் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரியும் மரச்சீனிக் கிழங்கு. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்திருக்காவிட்டால் அந்த நாட்டில் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ஆச்சிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ‘பத்து நாளு கெழங்கத் தின்னு வயிறு களிமண்ணாப் போச்சு’ என்பாள்.

மருந்துக்கு ஒரே மருந்துதான்: கொய்னா. ஆரியங்காவு, தென்மலைக் காட்டில் மலைக்காய்ச்சல். பாலருவியில் குளிக்கப் போனால் இருட்டுவதற்கு முன் செங்கோட்டை வந்துவிடவேண்டும் என்பது தாத்தா சட்டம். முந்நூறு அடி உயரத்திலிருந்து பாலாக விழும் அருவியை ஆச்சி இரண்டு முறைதான் பார்த்தாளாம். மகனின் பட்டியலில் முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம் என்று இருக்கிறது.

மலைக்குக் குடும்பத்தோடு போவது வெள்ளைக்காரர்களிடமும் இருந்த பழக்கம்தானே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட கலெக்டர் ஆஷ், மனைவியோடு போய்க்கொண்டிருந்தது கொடைக்கானலுக்கு. பிள்ளைகள் அங்கே ஒரு பங்களாவில் இருந்தார்கள். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அதாவது திருவிதாங்கூர்க் குடி. புனலூரில் அந்த அரசாங்கத்தின் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ‘அப்ப அவரு வெளிநாட்டுக்காரரா டீச்சர்?’ என்று ஒரு பையன் கேட்டான். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

ஆச்சியின் பயணத்தை நினைத்து நான் ரொம்பவும் உருகுவதில்லை. வயலும் வண்டியும் இருந்த வீட்டுக்குத்தான் அது வாய்த்தது. அதே மலை தாண்டிய நாட்டுக்கு, எங்கள் வட்டாரத்திலிருந்து கங்காணியின் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தவர்களும் உண்டு. மூணாறும் அன்று திருவிதாங்கூர்தான். அவர்களுக்கு ஆனிச் சாரல் என்பது முதுகில் கூடையோடு நனைவது.

ஆச்சியின் கடைசி வெளிநாட்டுப் பயணம் 1947. அந்த ஜூன் 11-ஆம் தேதி, வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகிவிடும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். வைகாசி முடிகிற நேரம். எங்கள் வீட்டில் லாடக்காரருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. இந்த வருசம் போனால் திரும்ப விடுவானா, சீட்டு கீட்டு கேட்பானா என்று தாத்தா தயங்கினார். ஆச்சிக்கு வேறு பயம்: மதினியை இனிமேல் பார்க்கவே முடியாமல் போய்விட்டால்? ‘சவத்தத் தள்ளுங்க, தனி நாடாகுறதுக்கு முன்னால போய்ட்டு வந்திருவோம்’ என்று அவள்தான் வண்டி கட்ட வைத்தாள். போனார்கள், இரண்டு வாரம் இருந்தார்கள், தபசுக் கொடியேற்றத்துக்குள் திரும்பினார்கள். திருவனந்தபுரத்துச் சங்கீதக் கச்சேரியில் ஜூலை 25 அன்று சி.பி.யை வெட்டிய செய்தியைத் தாத்தா சங்கரன்கோவில் தபசுக் கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார். சி.பி. பிழைத்துக்கொண்டார், தனி நாடு பிழைக்கவில்லை. சில நாளிலேயே மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்.

1949-ல் கொச்சியோடு சேர்ந்தது, சக்கரமும் செல்லாக்காசாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக நம் பக்கம் வந்தபோது, செங்கோட்டையும் திருநெல்வேலியோடு சேர்ந்தது. எல்லை புளியரைக்கு மேலே கோட்டைவாசலுக்கு ஏறிக்கொண்டது. எனக்கு அப்போது ஐந்து வயது. செங்கோட்டை ஆச்சி வீட்டுக்குப் போனபோது, ‘மதினி, நீங்க ஒரு எட்டுகூட எடுத்து வைக்காம எங்க ஊருக்கு வந்துட்டீக’ என்று எங்கள் ஆச்சி சொல்ல, ‘நீதான் வருசா வருசம் வந்து இழுத்துட்டுப் போயிட்ட’ என்று அவள் சொன்னாளாம். எனக்கு நினைவில் இருப்பது அவர்கள் வீட்டுத் திண்ணையின் குளிர்ச்சி மட்டும்தான்.

மீட்டர்கேஜ் ரயிலை 2010-ல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018-ல் மறுபடி விட்டார்கள். இரண்டு வருசம் கழித்துக் கொரோனா. புனலூரில் ஒரு சாவுக்குப் போகவேண்டியிருந்தது. புளியரைச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் இல்லாமல் முடியாது என்றார்கள். வரிசையில் காரில் உட்கார்ந்திருந்தபோது, முறுக்கு டின்தான் ஞாபகம் வந்தது.

நேற்று ராத்திரி மகன் மறுபடி கூப்பிட்டான். விசா வேலை பார்க்கிற ஏஜென்ட் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறாராம். என்னையும் கூட்டிப்போவதாக இருக்கிறான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

‘இதுக்கு முன்னால வெளிநாடு போயிருக்கீங்களான்னு கேக்காம்மா. இல்லைன்னு போட்டுறவா?’

‘எனக்கு இல்லைன்னே போடு’ என்றேன். ‘புளியங்குடி எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு கிலோ கொண்டுவந்தா விடுவானா, அதை விசாரி.’