பயங்கரவாதம்

அரசியல் நோக்கத்துக்காக, மக்களை அச்சத்தில் ஆழ்த்தும்படி திட்டமிட்டுச் செய்யப்படும் வன்முறை பயங்கரவாதம் எனப்படுகிறது. இந்த விளக்கத்தில் 'யார் செய்வது' என்ற இடம் காலியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே யாரை நிறுத்துவது என்பதில்தான் இரண்டு நூற்றாண்டுகளாக வழக்கு நடக்கிறது.

செயல் பழையது. முதல் நூற்றாண்டில் ஜெருசலேம் திருவிழாக் கூட்டங்களில் அங்கிக்குள் குறுவாளை மறைத்து வந்து, எதிராளியைக் குத்திவிட்டுக் கூட்டத்தோடு கலந்துவிட்ட சிகாரிகளைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். சொல்லோ பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்தது. அது முதலில் குறித்தது ஓர் அரசாங்கத்தை.

1793 செப்டம்பர் 17 அன்று பாரிசில் 'சந்தேகத்துக்குரியோர் சட்டம்' நிறைவேறியது. நடத்தையோ பேச்சோ எழுத்தோ உறவோ புரட்சிக்கு எதிரானதாகத் தோன்றினாலே ஒருவரைப் பிடித்து அடைக்கலாம். அந்தப் புரட்சி ஆட்சியில் முறையாகத் தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்டவர்களே ஏறத்தாழ 17,000 பேர். பயங்கரத்தை நீதியின் ஒரு வடிவமாகவே புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் சட்டமன்றத்தில் விளக்கினார். 1794 ஜூனில் வந்த இன்னொரு சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்பு இரண்டே: விடுதலை அல்லது மரணம். ஜூலை 28 அன்று ரோபெஸ்பியரின் தலையும் கில்லட்டினில் விழுந்தது. அவரை வீழ்த்தியவர்கள் அந்த ஆட்சியை ஏசக் கண்டெடுத்த சொல்தான் 'டெரரிஸம்'. 1798இல் பிரெஞ்சு அகாதமி அகராதியின் பிற்சேர்க்கை அதற்குத் தந்த பொருள், பயங்கர ஆட்சிமுறை.

ரஷ்யாவில் அந்தச் சொல் ஆட்சியாளர் கையிலிருந்து ஆட்சியை எதிர்த்தவர் கைக்கு மாறியது. அவர்கள் அதைப் பெருமையாகவே சூடிக்கொண்டார்கள். 1879இல் உருவான 'மக்கள் விருப்பம்' இயக்கம், குற்றமுள்ள ஆட்சியாளரை மட்டுமே கொல்வோம் என்றது. 1880இல் குளிர்கால அரண்மனையில் அது வைத்த குண்டுக்குப் பலியானவர்கள் காவல் வீரர்கள். ஜார் மன்னர் உயிரோடிருந்தார். மறு ஆண்டு மார்ச்சில், தலைநகரின் கால்வாய்க் கரையில், இரண்டாம் அலெக்சாந்தரின் வண்டியை நோக்கி முதல் குண்டு வீசப்பட்டது. மன்னருக்குக் காயமில்லை. அடிபட்டவர்களைப் பார்க்க அவர் கீழே இறங்கி நடந்தபோது, காலடியில் இரண்டாவது குண்டு வெடித்தது. மன்னரோடு, வழியில் நின்ற ஒரு சிறுவனும் அன்று செத்தான். அந்தச் சிறுவனுக்கு இயக்கத்தின் கொள்கையில் இடமே இல்லை. பயங்கரவாதத்தை நியாயப்படுத்தும் எந்த வாதத்தையும் அவனை வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

காலனி ஆட்சிகளுக்கு இச்சொல் வசதியாக வாய்த்தது. வங்காளத்தில் 1932இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த ஒரு சட்டத்தின் பெயரிலேயே அது உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்ற வாஞ்சிநாதன் அரசுக் கோப்புகளில் சதிகாரர். இன்றைக்கு அந்த ரயில் நிலையமே வாஞ்சி மணியாச்சி. கொடி மாறியதும் பெயர் மாறிவிட்டது.

1934 அக்டோபரில் மார்செய் நகரில் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பிறகு, உலக நாடுகள் முதன்முறையாகச் சட்ட வரையறைக்கு முயன்றன. 1937இல் சர்வதேச சங்கம் உருவாக்கிய உடன்படிக்கை, பயங்கரவாதம் என்பது 'அரசுக்கு எதிராக' இழைக்கப்படும் குற்றம் என்றது. சொல் பிறந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்ற அரசு, இங்கே பாதிக்கப்பட்டவராக வந்து அமர்ந்தது. 24 நாடுகள் கையெழுத்திட்டன. ஒப்புதல் அளித்தது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியா மட்டுமே. உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை.

ஐக்கிய நாடுகள் அவையிலும் அதே முடிச்சு. விரிவான உடன்படிக்கை ஒன்றுக்கான வரைவை 1996இல் முன்வைத்ததும் இந்தியாதான். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுவோருக்கு விலக்கு உண்டா, அரசுப் படைகளின் செயல்களும் இதில் அடங்குமா என்ற இரு கேள்விகளில் பேச்சு சிக்கிக்கொண்டது. விமானக் கடத்தல், பிணைக்கைதி பிடித்தல், குண்டுவெடிப்பு என்று செயல்களைத் தனித்தனியாகத் தடுக்கும் உடன்படிக்கைகள் மட்டும் நிறைவேறின. செய்தவரைவிடச் செயலைப் பார்க்கும் அந்த வழியே நேர்மையானது.

நீதிமன்றத்திலும் இச்சொல் சறுக்கியிருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தியும் அருகிலிருந்த பலரும் கொல்லப்பட்டனர். வழக்கு தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடந்தது. விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது கொலைச் சதிதான், அரசைப் பணியவைக்கவோ மக்களைப் பீதியில் ஆழ்த்தவோ நோக்கம் இருந்ததாக நிறுவப்படவில்லை, எனவே தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாவின்கீழ் காவல் அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலங்கள் சாட்சியமாக நின்றன. எஞ்சியோரின் தண்டனைக்கு அவை துணையாயின.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்றாண்டு காலத் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. வழக்குத் தொடராமலே ஒருவரை 18 மாதம் வரை தடுத்துவைக்க அது இடம் தந்தது. 2022இல்தான் அது 12 மாதமாகக் குறைந்தது. பொலிஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் இங்கும் சாட்சியமாகும். எத்தனையோ தமிழ் இளைஞர்களின் ஆண்டுகளை விழுங்கிய அந்தச் சட்டத்தில், பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதப்படவில்லை.