பொதுக்காரணப் பழுது

ஒரே காரணத்தால் பல உறுப்புகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழப்பதைக் குறிக்கும் பொறியியல் தொடர் இது. 'காரணம்' வடசொல். 'பழுது' மிகப் பழைய சொல். தொல்காப்பிய உரியியல் அதற்குப் பயனின்மை என்று பொருள் தருகிறது. இந்தத் தொடரில் அந்தப் பழம்பொருளே சரியாகப் பொருந்துகிறது. இயந்திரம் உடையாமலே பயனற்றுப் போகலாம் அல்லவா?

2020 செப்டம்பர் 3 அன்று அப்படித்தான் நடந்தது. மலேசியாவில் சுங்கை சிலாங்கூரின் மூன்று நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரந்தாவ் பாஞ்சாங் ஆலையும் ஒருசேர மூடப்பட்டன. இயந்திரக் கோளாறு காரணமல்ல. நான்குக்கும் தண்ணீர் தரும் சிலாங்கூர் ஆற்றில் துர்நாற்ற மாசு கலந்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் வாடிக்கையாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. பூச்சோங் அடங்கிய பெட்டாலிங் மாவட்டமும் தப்பவில்லை.

இத்தகைய பழுது அபாயத்தை எவ்வளவு கூட்டும் என்ற கணக்கு இதுதான். ஒரு பம்பு கெடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரு பம்புகளும் சேர்ந்து கெடும் வாய்ப்பு 10,000இல் 1. ஆனால் அந்தப் பழுதுகளில் பத்தில் ஒரு பங்கு பொதுக்காரணத்தால் வருவதானால், அந்த வாய்ப்பு ஏறத்தாழ 1,000இல் 1 ஆகிவிடும். அபாயம் பத்து மடங்கு! இந்தப் பங்கைப் பீட்டா காரணி என்பார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு: 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் சுனாமிக்குப் பிறகு ஓடியது, ஆறாம் உலைக்கான காற்றால் குளிரும் ஒரே ஜெனரேட்டர்தான். மற்றவற்றைக் கடல்நீர் முடக்கியது.

ஆகவே, புதிய நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வருகிறது என்ற செய்தியைப் படித்தால், அது எந்த ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று கேளுங்கள்.