பாரவண்டியும் பாலத்து மேடும்

என் அண்ணன் மகன் பேராவூரணிப் பக்கத்தில் மரம் வெட்டும் தொழில் செய்கிறான். கஜா புயலுக்கு முன்பு தென்னந்தோப்பு வைத்திருந்தவன். 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்குள் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. கடன் வாங்கி ஒரு மெஷின் வாள் வாங்கித் தானே அறுக்க ஆரம்பித்தான். பக்கத்துத் தோப்பு, அடுத்த ஊர் என்று போய், அதுவே பிழைப்பாகிவிட்டது. இப்போது ஏழெட்டுப் பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவன், "சித்தப்பா, பெட்டி வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகல. சொந்தமா ஒரு டிராக்டர் பெட்டி எடுக்கலாம்னு இருக்கேன். தகடு எவ்வளவு கனத்துல போட்டா நாள்பட உழைக்கும்?" என்று கேட்டான்.

பெட்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது தகட்டைத்தான். நானும் ஒரு காலத்தில் தகட்டைத்தான் பார்த்தேன். அதனால் வந்த வினையை அவனிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன் எங்கள் பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம். அவர் இரண்டு பாரவண்டி வைத்து, தோப்புகளில் வெட்டிய புளி, வாகை, பூவரசு, இலுப்பை எல்லாம் பட்டுக்கோட்டை மரவாடிகளுக்கு ஏற்றிப் போவார். புது வண்டி செய்யச் சொல்லும்போது ஆசாரியிடம் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் என்ன கட்டை என்று கேட்பார். நன்றாக ஆறிய கருவேலம் என்றால்தான் சம்மதம். பிறகு இருசைக் கையால் தடவிப் பார்ப்பார், கடையாணியை ஆட்டிப் பார்ப்பார். மேலே பரப்பும் பலகை எந்த மரமானாலும் கவலையில்லை. "பலகை உடைஞ்சா நாளைக்கு வேற போட்டுக்கலாம். இருசு உடைஞ்சா மாட்டோட கழுத்து போயிடும்" என்பார்.

அடிமரம் ஏற்றுவதைப் பார்க்க நாங்கள் சிறுவர்கள் கூடி நிற்போம். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கட்டைகளைச் சரிவாகச் சாய்த்து, மரத்துக்கு அடியில் வடத்தை விட்டு, மறுபுறம் நின்று நாலு பேர் இழுப்பார்கள். மரம் உருண்டு மேலே ஏறும். தூக்குவது என்ற பேச்சே கிடையாது. ஏற்றி முடித்ததும் பெரியப்பா நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சிரமப்பட்டுத் தூக்கும்படி இருந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்தை அழுத்தும். தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். லேசாக ஒரு கை கனம் இருக்கும்வரை மரத்தை முன்னும் பின்னும் தள்ளி வைப்பார்கள். இதற்கே அரைமணி நேரம் போகும்.

எங்கள் சீமையில் மலை ஏது? மேடு என்றால் ஆற்றுப் பாலத்து மேடுதான். கல்லணைக் கால்வாய் 1934ல் வந்த பிறகு அப்படிப்பட்ட பாலங்கள் வழியெங்கும் உண்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பயம். பாலத்து உச்சியில் வண்டியை நிறுத்தி, ஒரு சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிவிடுவார். சுழலாத சக்கரம் தேய்ந்துகொண்டே இறங்கும். கீழே வந்ததும் அவிழ்ப்பார்.

மலைக்காட்டில் மரம் இறக்கியவர்களுக்கு இதே கவலை நூறு மடங்கு இருந்திருக்கும். ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்தது. அந்தத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளம்வரை போனது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் ஒரு மர ரயில் போட்டிருந்தது. 1907 முதல் 1963 வரை ஓடியது; நீளம் சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் அதற்கு எஞ்சின் கிடையாது. கம்பிவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி இறங்கும். அதன் கனத்தாலேயே மறுமுனையில் காலி வண்டி மேலே ஏறும். மேலே ஒருவர் பிரேக் பிடித்து வேகத்தை அடக்குவார். மரத்தை இழுப்பதற்குச் செலவே இல்லை, பிடித்து நிறுத்துவதற்குத்தான் அத்தனை ஏற்பாடும்! இதைப் படித்தபோது பெரியப்பாவின் சங்கிலி எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு டயர் வண்டி வந்தது. அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை 1959ல் ஆரம்பித்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் ரோட்டைக் கீறிப் பள்ளமாக்கும். டயர் அப்படிச் செய்யாது. பேரிங் வைத்த சக்கரம் என்பதால் வண்டி மை பூசும் வேலையும் இல்லை. அதே ஜோடி மாடு கூடுதல் பாரத்தைச் சுலபமாக இழுத்தது. பெரியப்பாவும் ஒன்று வாங்கினார். ஆனால் சுலபமாக உருளுவது இறக்கத்திலும் சுலபமாகத்தானே உருளும்? டயரைச் சங்கிலியால் கட்டி இழுத்தால் டயர் போய்விடும் என்று அந்தப் பழக்கத்தையும் விட்டார்கள். ரோட்டோடு தேய்ந்த சக்கரம் ஓரளவு பிரேக் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளில் சென்னையில் மாஸே பெர்குசன் டிராக்டர் தயாரிக்க ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் எங்கள் வங்கிக் கிளையில் டிராக்டர் கடன் விண்ணப்பங்கள் குவிந்தன. நான் விவசாயக் கடன் பிரிவில் இருந்தேன். டிராக்டரோடு பெட்டிக்கும் சேர்த்துக் கடன் கொடுப்போம். டிராக்டர் கம்பெனியிலிருந்து வரும். பெட்டி உள்ளூர் பட்டறையில் செய்வது. அதைப் பார்வையிட்டுச் சான்று கொடுப்பது என் வேலை. நீளம், அகலம், தகட்டின் கனம், பெயின்ட், வங்கியின் பெயர் எழுதியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். கொண்டியில் மாட்டும் பின்னை ஒருமுறைகூடக் கழற்றிப் பார்த்ததில்லை. பிரேக் இருக்கிறதா என்று கேட்டதும் இல்லை. எந்தப் பெட்டியிலும் இருக்காது.

எண்பதுகளின் தொடக்கம். நான் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றில் அதன் சொந்தக்காரர், செங்கல் சூளைக்குப் புளியமரம் ஏற்றிக்கொண்டு போனார். வயலில் வேலை இல்லாத மாதங்களில் தவணை கட்ட அதுதான் வழி. பாலத்து இறக்கத்தில் பெட்டி டிராக்டரைத் தள்ளியது. டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதி உண்டு. வயலில் திரும்புவதற்குத் தனித்தனியாக மிதிப்பார்கள்; ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். அவர் அன்று இணைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. டிராக்டர் குறுக்கே திரும்ப, பெட்டி வந்து மடக்கியது. அங்கேயே முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

டிராக்டருக்குப் பாலிசி விவசாய உபயோகத்துக்கு மட்டும். பெட்டிக்குத் தனியாக இன்சூரன்ஸ் கட்டியிருக்கவில்லை. வாடகைக்கு மரம் ஏற்றியது என்று சொல்லிப் பணம் மறுத்துவிட்டார்கள். பாக்கித் தவணைக்கு வங்கி அனுப்பிய நோட்டீசை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு, "உட்காருங்க சார், மோர் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நான் உட்காரவில்லை.

அன்று என்ன பாரம் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரவாடியில் எப்படி அளப்பார்கள் என்பது தெரியும்: சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. இரண்டடி விட்டமும் எட்டடி நீளமும் உள்ள ஒரு துண்டுக்கு இந்தக் கணக்கில் ஏறக்குறைய 20 கன அடி வரும். உண்மையில் இருப்பது 25. அறுக்கும்போது கழிவு போகும் என்று வாங்குகிறவருக்குச் சாதகமாக வைத்த அளவு அது. விலைக்கு அது சரி. ஆனால் வண்டிக்கு? பச்சைப் புளி ஏறக்குறைய தண்ணீர் கனம். கன அடிக்கு 28 கிலோ வைத்தாலே ஒரு துண்டு 700 கிலோ. மரவாடிக் கணக்கில் 560 கிலோ என்றுதான் நினைப்போம். ஆறு துண்டு ஏற்றினால் மூன்றேகால் டன் என்று நினைத்து நாலு டன்னுக்கு மேல் ஏற்றியிருப்போம். முன்னால் இருக்கும் டிராக்டரோ இரண்டு டன்கூட இல்லை.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் பேசவில்லை. பிறகு பேப்பர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

முதலில் ஆக்ஸில், பேரிங், கொண்டி, பின். அடுத்தது அடிச்சட்டத்தில் சேனல் எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது, வெல்டிங் முழுநீளத்துக்கு இருக்கிறதா அல்லது அங்கங்கே பொட்டு வைத்திருக்கிறதா. மரம் விழும் இடத்தில் தகடு எவ்வளவு கனமானாலும் நெளியும். மேலே பலகை பரப்பிக்கொள். தளம் தாழ்ந்திருந்தால் உருட்டி ஏற்றலாம், இறக்கத்திலும் கவிழாது. தழைக்கும் கிளைக்கும் உயரமான கம்பித் தடுப்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொள். அடிமரத்துக்கு அது வேண்டாம். இருசக்கரப் பெட்டி என்றால் கனத்த துண்டுகள் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் போனால் டிராக்டரின் பின்சக்கரம் தரையைப் பிடிக்காது. ரொம்ப முன்னால் போனால் மூக்குத் தூக்கும். கடைசியாகப் பெட்டிக்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ், அதுவும் வாடகைத் தொழிலுக்கு என்று சொல்லிப் போட்டது.

"பிரேக்?" என்று அவனே கேட்டான்.

"அதை வச்சுத் தராத பட்டறையில வாங்காதே" என்றேன்.

மூன்று பட்டறை ஏறி இறங்கினான். இரண்டில், "மரத்துக்கு யாருங்க பிரேக் கேக்குறாங்க?" என்றார்களாம். மூன்றாவது இடத்தில் ஒப்புக்கொண்டார்கள், விலை கூடுதல்தான். அதை ஈடுகட்டப் புது டயருக்குப் பதில் பழைய 7.50-16 நாலு போட்டுக்கொண்டான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. டயரை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று முதல் லோடு. இரவு எட்டு மணிக்கு போன் செய்து, வாகை அஞ்சு துண்டு என்று சொல்லி, ஒவ்வொன்றின் சுற்றளவையும் நீளத்தையும் வாசித்தான். நான் பேனா எடுத்து எழுதிக்கொண்டேன்.