கியர் லீவரை வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்கள் கவனத்திற்கு

சாலையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஆட்டோ கியராக மாறிவிட்ட பிறகும், மேனுவல் காரைத் தேடி வாங்கும் இளைஞர்கள் நம்மிடையே குறையவில்லை. பழைய மஸ்டா எம்எக்ஸ்-5, புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, ஹோண்டா சிவிக், டொயோட்டா ஏஇ86 போன்ற கார்களைக் கையில் வைத்திருப்பவர்கள் பலர் முதலில் மாற்ற ஆசைப்படும் பாகங்களில் ஒன்று கியர் லீவர். ஷார்ட் ஷிஃப்டர் என்ற பெயரில் விற்கப்படும் இந்த லீவரைப் போட்டால் கை குறைந்த தூரமே நகர்ந்து கியர் விழும். இணையத்தில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பொருத்திவிடலாம் என்பதுதான் பலரின் எண்ணம்.

சில கார்களில் அது உண்மைதான். அரை நாள் வேலை. ஆனால் ஒரு போல்ட் தவறி உள்ளே விழுந்தாலோ, ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் போனாலோ, அந்த அரை நாள் வேலை கியர்பாக்ஸை இறக்கும் செலவில் முடியும். நெடுஞ்சாலையில் லீவர் கையோடு வந்துவிட்டால் செலவைவிட மோசமானதும் நடக்கலாம்.

லீவர் செய்யும் வேலை என்ன?

கியர் லீவர் என்பது ஒரு நெம்புகோல். நடுவில் ஓர் உருண்டை; அதுதான் அச்சு. அதற்கு மேலுள்ள பகுதியைக் கை பிடிக்கிறது. கீழுள்ள சிறு பகுதி கியர்பாக்ஸின் கம்பியைத் தள்ளுகிறது. மேல் பகுதி 200 மில்லிமீட்டர், கீழ் பகுதி 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 5க்கு 1. கீழ்முனை 10 மில்லிமீட்டர் நகர, கை 50 மில்லிமீட்டர் நகர வேண்டும். கீழ் பகுதியை 50 மில்லிமீட்டராக நீட்டினால் விகிதம் 4க்கு 1 ஆகிறது. கை 40 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும்.

தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கை கொடுக்க வேண்டிய பலம் நான்கில் ஒரு பங்கு கூடியது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் இருக்கும். கியர் முன்பைவிட கனமாக விழுவது பொருளின் குறையல்ல, கணக்கே அப்படித்தான். அந்தக் கனத்தை வெல்ல ஓட்டுநர் லீவரை அடித்துத் தள்ளத் தொடங்கினால், பாதிக்கப்படுவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையங்கள். இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிய பிறகே கியரை உள்ளே விடுவது அவற்றின் வேலை. அதற்கு ஒரு நொடியில் சிறு பங்காவது நேரம் தேவை. கை எவ்வளவு விரைவானாலும் அந்த நேரம் குறையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் காரின் வேகத்தைக் கூட்டும் பொருள் அல்ல. கைக்குக் கிடைக்கும் உணர்வுதான் மாறும். அந்த உணர்வுக்காகப் பணம் செலவழிப்பதில் தவறில்லை. வேறு எதையோ எதிர்பார்த்துச் செலவழிப்பதுதான் வீண்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

கியர் சரியாக விழவில்லை என்பதற்காக லீவரை மாற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே கோளாறு லீவரில் இருப்பதில்லை.

காலையில் முதல் சில நிமிடங்கள் இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடித்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம், அல்லது கியர் எண்ணெய் பழையதாகியிருக்கலாம். நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுத்தால், அல்லது ரிவர்ஸ் போடும்போது 'கர்' என்று சத்தம் வந்தால், கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். எம்எக்ஸ்-5 காரில் கிளட்ச்சை இயக்கும் கீழ் சிலிண்டர் கசிவது வாகனமோட்டிகள் நன்கறிந்த பலவீனம். பானெட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இவற்றைச் சரிசெய்யாமல் ஷார்ட் ஷிஃப்டர் போட்டால், பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் கூடுதல் பலமும் சேரும்.

லீவர் தொளதொளவென்று ஆடினால் மட்டும் சந்தேகம் லீவர் பக்கம் திரும்பலாம். அப்போதும் காரணம் அதன் கீழ்முனையில் உள்ள நைலான் புஷ்ஷாகவே இருக்கக்கூடும். 20, 30 ஆண்டுகள் ஓடிய காரில் அது தேய்ந்து உடைந்து போயிருப்பது இயல்பு. அந்தச் சிறு பாகத்தை மட்டும் புதிதாகப் போட்டதும் கியர் கச்சிதமாகிவிட்டால், ஷார்ட் ஷிஃப்டர் ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

எம்எக்ஸ்-5 காரில் மாற்றும் முறை

வீட்டில் கற்றுக்கொள்ள ஏற்ற கார் இதுதான். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும், 5 கியர் உள்ளவை, ஏறக்குறைய ஒரே அமைப்பு. லீவர் நேராக கியர்பாக்ஸின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. காருக்கு அடியில் போக வேண்டியதே இல்லை. 6 கியர் உள்ள காருக்கு லீவர் வேறு. வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு. முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி பின்பக்க பூட்டுக்குள் இருக்கும்.

லீவரின் குமிழ் இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். அடுத்தது நடுவில் உள்ள பிளாஸ்டிக் கன்சோல். முன்பக்க இரு ஓரங்களிலும், சாம்பல் தட்டுப் பகுதியிலும், பின்னால் உள்ள சிறு பெட்டிக்குள்ளும் திருகாணிகள் இருக்கும். பழைய பிளாஸ்டிக் நம் வெயிலில் காய்ந்து நொறுங்கக்கூடியது. வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகாணி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்; இழுக்கக் கூடாது. கன்சோலைத் தூக்கும்போது கண்ணாடி சுவிட்ச்சின் ஒயர் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும்.

கீழே பெரிய ரப்பர் உறை, 10 எம்எம் ஸ்பேனர் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு சிறிய ரப்பர் உறையும், மூன்று போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட ஒரு தகடும் தெரியும். இந்த மூன்றையும் தொடுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துணியால் நன்றாகத் துடைத்தாக வேண்டும். அவசரப்படுபவர்கள் தவறவிடும் இடம் இது. தகடு திறந்ததும் அந்த மண் விழப்போவது கியர் பொறிக்குள்.

மூன்று போல்ட்டுகளும் வந்தபின் லீவரை நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். அதோடு வளையங்கள், நைலான் இருக்கை, கீழ்முனைப் புஷ் எல்லாம் வரும். புஷ் லீவரோடு வராமல் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. தேடி எடுக்க வேண்டும். எந்தப் பாகம் எதன் மேல், எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய நாளிதழின் மேல் பரப்பி வைப்பது மெக்கானிக்குகளின் பழக்கம். திறந்த துளையை உடனே சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும்.

அந்தத் துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். கியர்பாக்ஸின் எண்ணெயோடு இதைக் குழப்பக் கூடாது. இது லீவருக்கென்றே தனியாக உள்ள சிறு குளம். பல கார்களில் இது தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் மாற்றப்படாமல் கருத்துப்போய், அல்லது வற்றிப்போய்க் கிடக்கும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய கியர் எண்ணெய் 80 முதல் 95 மில்லிலிட்டர் வரை ஊற்ற வேண்டும். 75டபிள்யூ-90 பொருந்தும். அதிகம் ஊற்றினால் ரப்பர் ஓரத்தில் கசிந்து காருக்குள் நாற்றம் அடிக்கும். குறைத்தால் லீவர் வறண்டு உரசும். எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அள்ளித் திணிப்பது சரியல்ல. உருண்டையிலும் புஷ்ஷிலும் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

புதிய லீவரைப் பொருத்தும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். உருண்டையின் அளவு ஒன்றா, வழவழப்பாக இருக்கிறதா, கீழ்முனை பழைய அளவுதானா? மலிவான பொருள்களில் உருண்டை சொரசொரப்பாக இருப்பதுண்டு. அது நைலான் இருக்கையைச் சீக்கிரமே அரைத்துவிடும். கிழிந்த சிறிய ரப்பர் உறையை மீண்டும் போடக் கூடாது. கியர்பாக்ஸின் வெப்பமும் இரைச்சலும் புகை நாற்றமும் காருக்குள் ஏறாமல் தடுப்பது இந்த உறைகள்தான். நம் நாட்டு வெயிலில் கூரை திறந்த காரில் இது சாதாரண விஷயமல்ல. எம்எக்ஸ்-5 காரில் கால் பக்கம் அனல் அடிக்கிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

போல்ட்டுகள் சிறியவை. 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். நீண்ட ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தையும் காட்டினால் அலுமினியத்தில் மரை அறுந்துவிடும். அறுந்த மரையைச் சரிசெய்ய ஆகும் செலவு லீவரின் விலையைத் தாண்டலாம்.

கன்சோலை மூடுவதற்கு முன், இன்ஜின் ஓடாத நிலையில், கிளட்ச்சை மிதித்து ஐந்து கியர்களையும் ரிவர்ஸையும் பலமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியரிலும் லீவர் முழுமையாகப் போய் நிற்கிறதா, இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோ முட்டுகிறதா என்பதே கேள்வி. முட்டினால் கியர் பாதியில் நிற்கிறது. ஓடும்போது தானாக வெளியே குதிக்கும். பிறகு குடியிருப்புப் பகுதியில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். முதல் வாரம் நிதானம் தேவை. கை பழகும் வரை மூன்றிலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்து இரண்டில் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம். அதிக வேகத்தில் அது நடந்தால் இன்ஜின் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். வால்வு வளைந்து இன்ஜினே போய்விடலாம்.

முன்சக்கர கார்களில் கதை வேறு

சத்ரியா ஜிடிஐ போன்ற முன்சக்கர கார்களில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு குறுக்காக முன்னால் இருக்கிறது. லீவருக்கும் அதற்கும் இடையே இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. ஒன்று முன்னும் பின்னும், மற்றது இடமும் வலமும். இங்கே எண்ணெய் வேலை இல்லை. ஆனால் கேபிளின் முனையைப் பிடித்திருப்பது ஒரு சிறு கிளிப் அல்லது பின். அது நழுவினால் லீவர் உயிரற்றுப் போகும், கார் இருந்த கியரிலேயே நிற்கும். பழைய கிளிப்பை நெளித்துப் போடுவது, கம்பி சுற்றி ஒப்பேற்றுவது எல்லாம் ஆபத்து. புதிய கிளிப்பின் விலை ஒரு தேநீர்ச் செலவுதான்.

ஈஜி, ஈகே வகை சிவிக் கார்களில் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகள். அவற்றைத் தொட காருக்கு அடியில் போயாக வேண்டும். சூடான புகைக்குழாயும் பக்கத்திலேயே இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பி காரின் அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. தாங்கிகள் இரண்டு பக்கமும் இல்லை என்றால் இந்த வேலையைப் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடிய வேலையும் இது அல்ல.

பணத்தை மிச்சப்படுத்த, இருக்கும் லீவரையே வெட்டிக் குட்டையாக்கி வெல்டிங் வைத்துத் தருபவர்கள் உண்டு. வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பார்வைக்குத் தெரியாது. ஓடும் காரில் ஒருநாள் குமிழோடு கையில் வரும்போதுதான் தெரியும். அசல் லீவர் குறைந்த விலைக்கு வேண்டுமானால் ஹாப்-கட் கடைகளில் தேடலாம். கழற்றிய அசல் லீவரையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. புதியது ஒத்துவரவில்லை என்றால் அதே மூன்று போல்ட்டுகள்தான்.

லீவரை மாற்றுவதும் கியர்பாக்ஸையே மாற்றுவதும் ஒன்றல்ல. ஆட்டோ காரை மேனுவலாக்க நினைப்பவர்கள் மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். லீவர் மட்டும் மாற்றுபவர்களும் காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு வார்த்தை தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.