விண்ணுக்குச் சென்றது எவ்வளவு?

ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு, ஊரிலிருந்து வரும் செய்தியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் அமெரிக்காவில் குடியேறினர். அவ்விரு நாடுகளுக்கும் இடையே சென்ற தந்திகள், பிற நாட்டார் வசமிருந்த கடலடிக் கம்பிகளையே நம்பியிருந்தன. அதன் ஆபத்தை முதல் உலகப் போர் உணர்த்தியது. தனக்கென ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம் வேண்டும் என்று சுவீடன் துணிந்தது. வார்பெரி நகருக்கு அருகே கிரிமெட்டான் என்னும் சிற்றூரில் எழுந்த அந்நிலையம், 1924 டிசம்பர் 1-ஆம் நாள் பணி தொடங்கியது.

அதன் அலைவெண் 17.2 கிலோஹெர்ட்ஸ்; அலையின் நீளமோ ஏறத்தாழ 17.4 கிலோமீட்டர். இத்தகைய நெடிய அலைகள் பூமியின் வளைவைத் தொடர்ந்து சென்று மாகடலையும் கடக்க வல்லவை. ஆயினும் ஓர் இடர் உண்டு. நிமிர்ந்து நிற்கும் வான்கம்பி, அலை நீளத்தில் கால் பங்கு உயரம் இருப்பின் நன்று. அவ்வாறாயின் நான்கு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் வேண்டும்! கிரிமெட்டானில் எழுப்பியவை 127 மீட்டர் உயரமுள்ள ஆறு எஃகுக் கோபுரங்களே.

குட்டையான வான்கம்பியில் நேர்வது யாது? இயந்திரம் 200 கிலோவாட் ஆற்றலைத் தந்தாலும், பெரும்பகுதி கம்பிச் சுருள்களிலும் நிலத்திலும் வெப்பமாய் வீணாகும். ஆகவே, இயந்திரம் ஈன்றது எவ்வளவு என்று அறிந்தால் போதாது. விண்ணுக்குச் சென்றது எவ்வளவு என்று அறிய வேண்டும். அதற்கு இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, வான்கம்பியின் அடியில் ஓடும் மின்னோட்டம். மற்றொன்று, பல கிலோமீட்டர் தொலைவில் சட்டத்தில் சுற்றிய கம்பிச் சுருளைக் கொண்டு அளக்கும் அலையின் வலிமை. இரண்டையும் ஒப்பிட்டால் வான்கம்பியின் 'பயனுறு உயரம்' புலப்படும். அது கோபுரத்தின் உயரத்தினும் குறைவாகவே இருக்கும்.

இந்த இழப்பைக் குறைக்க வழி கண்டவர் எர்னஸ்ட் அலெக்சாண்டர்சன். 1878-இல் சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் அவர். கிரிமெட்டானின் மின்னாக்கியும் அவர் வகுத்ததே. ஆறு கோபுரங்களிலிருந்தும் தனித்தனியே கம்பிகளை இறக்கி, சுருள்கள் வழியே நிலத்தோடு இணைப்பது அவர் கண்ட முறை. ஓரிடத்தில் நிலம் புகவேண்டிய மின்னோட்டம் ஆறாகப் பிரிந்தது. நிலத்தில் வீணாவதும் குறைந்தது.

2004-இல் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நேயர்களே, தாய்நாட்டின் குரல் கடல் கடக்க உதவியது, கடல் கடந்து சென்ற ஒருவரின் அறிவு என்பதை நாம் மறத்தல் இயலுமோ?